சிங்க்கில் ஊற்றிவிடாதீர்கள்: பீப்பாயில் ஊறிய புளிப்பு பீரை முதல்முறை சுவைப்பவர்களுக்கு

என் முதல் பாட்டிலில் முக்கால் பங்கு சமையலறை சிங்க்கில் போனது. அலுவலக நண்பர் பிறந்தநாளுக்குக் கொடுத்தது அது. கலிபோர்னியாவின் ரஷ்யன் ரிவர் மதுவாலையின் கான்சிக்ரேஷன் என்ற புளிப்பு பீர். தக்கை அடைத்து, மேலே கம்பிக்கூடு போட்ட சின்னப் பாட்டில். வெள்ளிக்கிழமை இரவு, வெறும் வயிற்றோடு, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு திறந்து, பீர் என்றால் எப்படிக் குடிப்போமோ அப்படி ஒரு பெரிய மடக்கு விழுங்கினேன். மாட்டுத்தொழுவ வாடையும் காடியின் புளிப்பும் ஒன்றாக மூக்கில் ஏறின. கண்ணில் நீர் வந்துவிட்டது. அடியில் வண்டல் வேறு தெரிந்தது. கெட்டுப்போய்விட்டது என்று தீர்ப்பு எழுதிவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். திங்கட்கிழமை நண்பர் கேட்டபோது "அருமை" என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

அந்த வாடையும் புளிப்பும் வண்டலும் வேண்டுமென்றே வைத்தவை என்று பிறகுதான் தெரிந்தது. நான் செய்த பிழைகளை வரிசையாகத் திருத்திக்கொள்ள ஓர் ஆண்டும் கணிசமான பணமும் ஆயின. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வசிப்பவர்களுக்கும், அங்கே உறவினர் வீட்டுக்கு வருபவர்களுக்கும் அந்தச் செலவு மிஞ்சட்டும் என்று இதை எழுதுகிறேன். மது தொடாதவர்கள் தொட வேண்டும் என்பதற்காக எழுதவில்லை. ஏற்கெனவே ஆவல் வந்தவர்களுக்கு மட்டும்.

1. லேபிளைப் படியுங்கள்

கடையில் "சவர்" என்று எழுதியதெல்லாம் ஒன்றல்ல. முதல் பொறி இதுதான். வண்ணப்படம் போட்ட டப்பாக்களில் மாம்பழம், கொய்யா என்று வரும் புளிப்பு பீர்களில் பெரும்பாலானவை, காய்ச்சும் கொப்பரையிலேயே ஓரிரு நாளில் பாக்டீரியாவை வைத்துப் புளிக்கவைத்தவை. வெயில் காலத்துக்கு நல்லவைதான். ஆனால் நாம் தேடுவது வேறு. "பேரல் ஏஜ்டு" என்ற சொல்லை மட்டும் நம்பினாலும் ஏமாறலாம். விஸ்கி பீப்பாயில் கிடந்த, புளிப்பே இல்லாத, இனிப்பான கறுப்பு ஸ்டௌட் பீரிலும் அதே சொல் இருக்கும்.

லேபிளில் நான்கு விவரங்களைத் தேடுங்கள்.

முதலாவது, பீப்பாய். எந்த ஒயின் இருந்த பீப்பாய் என்று பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். ரஷ்யன் ரிவரில் டெம்ப்டேஷன் என்பது ஷார்டனே ஒயின் பீப்பாயில் ஊறியது. சப்ளிகேஷன் பினோ நுவார் பீப்பாயில் புளிச்செர்ரிப் பழங்களோடு ஊறியது. கான்சிக்ரேஷன் கேபர்னே சொவின்யோன் பீப்பாயில் கரன்ட் என்ற சிறு புளிப்புப் பழங்களோடு ஊறியது. பீப்பாயில் கிடப்பது மாதக்கணக்கில்.

இரண்டாவது, நுண்ணுயிர். பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட், லாக்டோபாசில்லஸ், பீடியோகாக்கஸ் என்ற பாக்டீரியாக்கள். இந்தப் பெயர்களில் ஒன்றிரண்டாவது லேபிளிலோ நிறுவனத்தின் இணையதளத்திலோ இருந்தால் சரியான அலமாரி முன்னால்தான் நிற்கிறீர்கள்.

மூன்றாவது, ஆல்கஹால் விழுக்காடு. கான்சிக்ரேஷனில் 10. இதைச் சாதாரண பீரோடு ஒப்பிட ஒரு சின்னக் கணக்கு: அமெரிக்காவில் "ஒரு பானம்" என்று எண்ணப்படுவது 14 கிராம் தூய ஆல்கஹால். 5 விழுக்காடு உள்ள 355 மில்லி பீர் ஒரு பானம். 10 விழுக்காடு உள்ள 375 மில்லி பாட்டிலில் ஏறக்குறைய 30 கிராம் இருக்கிறது. அந்தச் சின்னப் பாட்டிலைத் தனியாக முடித்தால் இரண்டு பீர் குடித்ததற்குச் சற்று மேல். பாட்டிலின் அளவைப் பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம். நானும் அதில் ஒருவன்.

நான்காவது, பாட்டிலில் அடைத்த தேதி. ஓராண்டு, ஈராண்டு பழையதாக இருந்தால் அஞ்ச வேண்டாம். பழ வாசனை கொஞ்சம் மங்கும், காட்டு ஈஸ்ட்டின் வாசனை ஏறும். முதல்முறை என்றால் புதியதையே எடுங்கள். பழத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைவது சுலபம்.

விலை: 375 மில்லி பாட்டில் பத்து டாலருக்குக் கீழே கிடைத்து நான் பார்த்ததில்லை. பதினைந்து, இருபது என்றுதான் போகும். அதோடு விற்பனை வரி உண்டு. கலிபோர்னியாவில் பாட்டிலுக்கு மறுசுழற்சி வைப்புத்தொகையாக 5 சென்ட் சேரும். ஏன் இந்த விலை என்று முறைத்துக்கொள்பவர்களுக்கு: பீப்பாய் மாதக்கணக்கில் இடத்தை அடைத்துக்கொள்கிறது, மரத்தின் வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் குறைகிறது, சில பீப்பாய்கள் உண்மையிலேயே கெட்டு முழுதாக வடிகாலுக்குப் போகின்றன. அந்த நட்டமும் நம் பாட்டிலின் விலையில்தான் ஏறியிருக்கிறது.

2. ஆவணம்: அசல் பாஸ்போர்ட்

பாட்டிலாக வாங்குவதற்கு முன் மதுவாலையின் கூடத்திலேயே சிறு கோப்பைகளில் சுவைத்துப் பார்ப்பதுதான் மலிவான வழி. அங்கே வாசலில் நிற்பது வயதுச் சான்று. அமெரிக்காவில் 21 வயது நிறைந்திருக்க வேண்டும். தலை நரைத்தவர்களிடமும் கேட்பார்கள், கோபப்பட்டுப் பயனில்லை.

சித்தப்பா மகன் மதுரையிலிருந்து வந்திருந்தபோது அவனை ஒரு மதுக்கூடத்துக்கு அழைத்துப்போனேன். பாஸ்போர்ட் தொலைந்துவிடும் என்று பயந்து வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான். முதலில் ஜெராக்ஸை நீட்டினான். ஊழியர் தலையாட்டினார். கைப்பேசியில் ஆதார் அட்டையைக் காட்டினான். அவர் அதைப் பணிவாகப் பார்த்துவிட்டுப் பணிவாகத் திருப்பிக் கொடுத்தார். "அண்ணா, எனக்கு முப்பத்துநான்கு வயது, பார்த்தாலே தெரியாதா?" என்று என்னிடம் கேட்டான். தெரியும்தான். ஆனால் உரிமம் போனால் அவர்கள் கடையை மூட வேண்டும். இரண்டு மணி நேரம் பயணம் செய்து வந்தவன் எலுமிச்சைச் சாறு குடித்துவிட்டுத் திரும்பினான்.

ஆகவே, சுற்றுலா விசாவில் வந்தவர்கள் அசல் பாஸ்போர்ட்டை எடுத்துச் செல்லுங்கள். சங்கிலி போட்ட உள்பையில் வையுங்கள். இந்திய ஓட்டுநர் உரிமத்தை நம்பாதீர்கள். ஒருவர் ஏற்பார், அடுத்தவர் மறுப்பார். இங்கே வேலை செய்பவர்களுக்குக் கலிபோர்னியா ஓட்டுநர் உரிமமோ மாநில அடையாள அட்டையோ போதும், ஆனால் அது காலாவதியாகியிருக்கக் கூடாது. விசா நீட்டிப்புக்குக் காத்திருக்கும்போது உரிமத்தின் தேதி முடிந்துபோவது நம்மவர்களுக்குப் பழக்கமான தொல்லை. கிளம்பும் முன் அட்டையைத் திருப்பி ஒருமுறை தேதியைப் பாருங்கள். இணையத்தில் வரவழைத்தாலும் இதே கதைதான்: பெட்டி வரும்போது 21 வயது நிறைந்த ஒருவர் வீட்டில் இருந்து கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் பெட்டி திரும்பிப் போய்விடும்.

3. போகும் வழி, நேரம்

ரஷ்யன் ரிவரின் பழைய கூடம் சான்டா ரோசா நகரின் நான்காம் தெருவில் 2004 முதல் இருக்கிறது. 2018இல் வடக்கே வின்ட்சரில் பெரிய ஆலை ஒன்றையும் திறந்தார்கள். புதியவர்களுக்கு நான் சான்டா ரோசாவையே சொல்வேன், ரயிலில் போய்விடலாம்.

கார் வேண்டாம் என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், காரணம் காவல்துறை மட்டுமல்ல. கலிபோர்னியாவில் இரத்தத்தில் ஆல்கஹால் 0.08 விழுக்காட்டைத் தொட்டால் குற்றம். அதற்குக் கீழே இருந்தாலும் ஓட்டும் நிலையில் இல்லை என்று கருதினால் பிடிக்கலாம். வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ இருப்பவர்களுக்கு இன்னொன்று இருக்கிறது: குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைதானாலே, நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் முன்பே, அமெரிக்க வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்யலாம். ஒரு கோப்பைக்காக அந்தக் கணக்கைத் திறக்காதீர்கள். திறந்த பாட்டிலைக் காருக்குள் வைத்திருப்பதும் குற்றம். பாதி குடித்ததைத் தக்கையிட்டு இருக்கைக்கு அடியில் வைப்பது நம் வழக்கமாக இருக்கலாம், இங்கே செல்லாது.

ரயில் வழி இது. சான் பிரான்சிஸ்கோ படகுத்துறையிலிருந்து லார்க்ஸ்பர் வரை படகு, அரை மணியும் கொஞ்சமும். அங்கிருந்து ஸ்மார்ட் (SMART) என்ற உள்ளூர் ரயிலின் நிலையத்துக்குப் பத்து, பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும். படகுத்துறைக்கு எதிரிலேயே ரயில் நிற்கும் என்று நினைத்துப் படகிலிருந்து மெதுவாக இறங்கினால் ரயில் போய்விடும். சான்டா ரோசா டவுன்டவுன் நிலையம் வரை ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நிலையத்திலிருந்து கிழக்கே நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் நடந்தால் கூடம் வந்துவிடும்.

வார இறுதியில் ரயில்கள் குறைவு. போகும் ரயிலைப் பார்க்கும் முன் திரும்பும் கடைசி ரயிலையும், அதோடு ஒட்டும் கடைசிப் படகையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் தவறவிட்டால் வாடகைக் கார்தான். அந்தப் பணத்துக்கு அரைப் பெட்டி பாட்டில் வாங்கலாம்.

மார்ச் கடைசி வாக்கில் இரண்டு வாரம் அந்தப் பக்கம் போகாதீர்கள். பிளைனி தி யங்கர் என்ற கசப்பு பீர் ஆண்டுக்கு ஒருமுறை அப்போதுதான் வரும். அதற்காக மணிக்கணக்கில் வரிசை நிற்கும். நமக்கு அது வேண்டியதில்லை, வரிசை மட்டும் கிடைக்கும். நல்ல நேரம் என்றால் வார நாளில் மதியம் இரண்டு, மூன்று மணி. ஊழியருக்குப் பேச நேரம் இருக்கும்.

4. கூடத்தில் எப்படிக் கேட்பது

பலவற்றை ருசிபார்க்கச் சிறு கோப்பைகளை அடுக்கிய தட்டு தருவார்கள். ஆசைப்பட்டு எல்லாவற்றையும் கேட்காதீர்கள். கசப்பு பீர்களும் புளிப்பு பீர்களும் கலந்து வந்தால், நான்காவது கோப்பைக்குள் நாக்கு மரத்துவிடும். "புளிப்பு வகைகள் மட்டும்" என்று சொல்லுங்கள். அன்று குழாயில் எது ஓடுகிறது என்பது நாளுக்கு நாள் மாறும். கான்சிக்ரேஷன் குழாயில் இல்லாவிட்டால் பாட்டிலில் கேட்கலாம்.

அளவு அவுன்ஸில் இருக்கும். ஓர் அவுன்ஸ் 30 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு இரண்டு, மூன்று அவுன்ஸ் ஒரு வகையில் போதும்.

வரிசை முக்கியம். வெளிர்நிறத்திலிருந்து அடர்நிறத்துக்கு, மென்மையிலிருந்து வலுவுக்குப் போக வேண்டும். முதலில் டெம்ப்டேஷன், அடுத்து சப்ளிகேஷன், கடைசியில் கான்சிக்ரேஷன். தலைகீழாகப் போனால் டெம்ப்டேஷன் தண்ணீர்போலத் தெரியும். ரசத்துக்கு முன் பாயசம் சாப்பிட்டவர்களுக்கு இந்த நியாயம் புரியும்.

பில்லில் வரியும், அதற்கு மேல் நீங்கள் வைக்கும் டிப்ஸும் சேரும். 18 முதல் 20 விழுக்காடு இங்கே வழக்கம். பட்டியலில் உள்ள விலையோடு கால் பங்குக்கு மேல் கூட்டி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

5. வீட்டில் திறப்பதற்கு முன்

பாட்டிலை ஒரு நாளாவது நிமிர்த்தி வையுங்கள். உள்ளே இருக்கும் ஈஸ்ட் அடியில் படிய வேண்டும். வெயிலும் குழல்விளக்கு வெளிச்சமும் படாத இடம் நல்லது. ஃப்ரிட்ஜில் இருந்தால் குடிப்பதற்கு முப்பது, நாற்பது நிமிடம் முன்பு வெளியே எடுத்துவிடுங்கள். ஃப்ரிட்ஜின் குளிர் 4 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். இந்த பீருக்கு 10 முதல் 13 டிகிரி வேண்டும். கடுங்குளிரில் வாசனை எழாது, புளிப்பும் துவர்ப்பும் மட்டும் கூர்மையாக நிற்கும். என் முதல் பாட்டில் சிங்க்கில் போனதற்குப் பாதிக் காரணம் இந்தக் குளிர்தான்.

கோப்பை, வாய் குறுகிய ஒயின் கோப்பையாக இருக்கட்டும். பாத்திரம் தேய்க்கும் சோப்பின் மணம் அதில் இருக்கக் கூடாது. எவர்சில்வர் டம்ளர் வேண்டாம். நிறமும் தெரியாது, மணமும் உள்ளே தங்காது.

திறப்பதில் அவசரம் வேண்டாம். உள்ளே அழுத்தம் நிறைய இருக்கும். மேலே ஈரத்துணியைப் போட்டுப் பிடித்துக்கொண்டு கம்பிக்கூட்டை முறுக்கித் தளர்த்துங்கள். பிறகு தக்கையை அசையாமல் பிடித்துக்கொண்டு பாட்டிலை மட்டும் திருப்புங்கள். தக்கை தானாகப் பெருமூச்சுவிட்டு வரும். முகத்துக்கு நேராகவும் விளக்குக்கு நேராகவும் வேண்டாம். என் வீட்டுக் கூரையில் நாணயம் அளவு ஒரு பள்ளம் இருக்கிறது. வாடகை வீட்டின் முன்பணத்தில் அது கழியும் என்று நினைக்கிறேன். பக்கத்தில் ஒரு பெரிய கிண்ணத்தை வைத்துக்கொண்டால், நுரை பொங்கினாலும் மேசை தப்பும்.

சாய்த்து, மெதுவாக, கோப்பைக்கு எழுபது, எண்பது மில்லி ஊற்றுங்கள். ஒவ்வொரு முறையும் பாட்டிலை நிமிர்த்தினால் வண்டல் கலங்கும். ஒரே சாய்வில் நாலு கோப்பைக்கும் ஊற்றிவிடுங்கள். 375 மில்லிக்கு நான்கு பேர் சரியான கணக்கு. ஆளுக்கு ஏறக்குறைய அரைப் பானம் வரும், யாருக்கும் தலை சுற்றாது, செலவும் பங்காகும். வண்டலைக் கடைசியாகக் குடிப்பவர்கள் உண்டு. தீங்கில்லை, எனக்குப் பிடிக்காது.

6. சுவைப்பது

முதலில் கோப்பையை ஆட்டாமல் மூக்கருகே கொண்டுபோங்கள். கான்சிக்ரேஷனில் எனக்கு முதலில் வருவது மழைக்காலத்தில் நெடுநாள் பூட்டிக் கிடந்த மர அலமாரியைத் திறந்தது போன்ற மணம். அடுத்துத் தோல்பை. பிறகு கோப்பையை ஒருமுறை சுழற்றினால் பழம் எழும்: உலர்ந்த திராட்சை, களாக்காய், அதற்குப் பின்னால் சிவப்பு ஒயின். உங்களுக்கு வேறு வரலாம். வரவில்லையென்றாலும் வெட்கப்பட வேண்டாம். கோப்பை கையில் சூடேற ஐந்து நிமிடம் விட்டு மறுபடி முகருங்கள்.

தொழுவ வாடை என்று நான் சொன்னது பிரெட்டனோமைசிஸ் வேலை. ஆங்கிலத்தில் இதைக் குதிரைப் போர்வை என்பார்கள். குதிரையோடு பழகாத நமக்கு அது உதவாது. ஈரச்சாக்கு, வைக்கோல், மாடு கட்டிய கொட்டகையின் ஓரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒயின்காரர்கள் இதே வாடை கூடினால் பழுது என்பார்கள். இங்கே அளவாக இருந்தால் அழகு. ஊரில் தொழுவத்தோடு வளர்ந்த என் மாமனார், முகர்ந்தவுடன் முகத்தைச் சுளிக்காத ஒரே ஆள்.

இப்போது வாய். ஒரு தேக்கரண்டி அளவு மட்டும். முதல் வாயை நம்பாதீர்கள். அது நாக்குக்கு அதிர்ச்சி மட்டும்தான்; எச்சில் பெருகும், கன்னத்தின் உட்பக்கம் இழுக்கும், வேறொன்றும் தெரியாது. ஒரு நிமிடம் விடுங்கள். இரண்டாம் வாயில் புளிப்பு பாதியாகும். மூன்றாம் வாயில்தான் பழமும் மரமும் வெளியே வரும். மூன்றாவதுக்கு முன் யாரும் கருத்துச் சொல்லக் கூடாது என்று எங்கள் வீட்டில் விதியே வைத்திருக்கிறோம்.

மூன்றாம் வாயில் நான்கு உணர்வுகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். புளிப்பில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று லாக்டிக் அமிலம். பழைய சோற்று நீராகாரத்திலும் தயிரிலும் இருக்கும் அதே மென்மையான புளிப்பு. வாயின் இரு பக்கமும் பரவும், தொண்டையில் வழுக்கிப் போய்விடும். மற்றது அசிட்டிக் அமிலம், காடியின் புளிப்பு. மூக்கில் ஏறும், தொண்டையைச் சுரண்டும். முந்தைய நாள் இறக்கிய கள்ளை ஒருமுறை முகர்ந்தவர்களுக்கு இந்த இரண்டும் ஒரே பாத்திரத்தில் எப்படி இருக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. நல்ல பாட்டிலில் முதலாவது முன்னால் நிற்கும், இரண்டாவது பின்னால் ஓர் இழை மட்டும் ஓடும். எனக்குக் காடி இழை குறைவாக இருப்பதுதான் பிடிக்கும். அதைக் கூடுதலாக விரும்புபவர்களும் இருக்கிறார்கள், சண்டையில்லை.

மூன்றாவது உணர்வு துவர்ப்பு. இது ஓக் மரத்திலிருந்தும் பழத்தோலிலிருந்தும் வருவது. நாவல்பழம் தின்றபின் ஈறில் ஒட்டுமே, அதுதான். நாலாவது ஆல்கஹாலின் சூடு. விழுங்கிய சில நொடிகளில் நெஞ்சில் தெரியும். 10 விழுக்காடு இருந்தும் இது சட்டென்று தெரியாது, புளிப்பு அதை மறைத்துவிடும். அதனால்தான் நம்மை அறியாமல் கை கோப்பைக்குப் போகிறது. பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர் வைத்து, ஒரு வாய்க்கு இரண்டு வாய் தண்ணீர் என்று போங்கள்.

நுரை சீக்கிரம் அடங்கிவிடும். அமிலமும் ஆல்கஹாலும் நுரையை நிற்கவிடாது. பீர் செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். நாக்கில் குமிழ் குத்தினால் உயிரோடுதான் இருக்கிறது.

மொத்தம் ஒரு மணி நேரமாவது எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி வாய், அறையின் சூட்டுக்கு வந்தபின், முதல் வாயோடு தொடர்பே இல்லாத ஒன்றாக இருக்கும்.

7. வயிறும் தட்டும்

வெறும் வயிற்றில் கூடாது. நெஞ்செரிச்சல், குடல்புண் உள்ளவர்கள் விட்டுவிடுவதே நல்லது. அமிலத்தின் மேல் ஆல்கஹால். மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். குடித்த உடனே பல் துலக்காதீர்கள்: அமிலம் பற்சிப்பியை இளக்கியிருக்கும். தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, அரை மணிக்கு மேல் போகட்டும்.

கூட வைக்க, நம்மவர் கை முதலில் ஊறுகாய்க்கும் காரச்சேவுக்கும் போகும். இரண்டும் வேண்டாம். புளிப்போடு எலுமிச்சை சேர்ந்தால் இரண்டும் கெடும். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் ஊதிப் பெரிதாக்கும். கொழுப்பும் உப்பும்தான் பொருத்தம். ஆட்டுப்பால் சீஸ், வறுத்த முந்திரி, சட்னி இல்லாத மெதுவடை. மெதுவடையைச் சொன்னால் சிரிப்பார்கள். ஒருமுறை வைத்துப் பாருங்கள், எண்ணெயைப் புளிப்பு வெட்டும் விதம் தெரியும்.

8. உண்மையிலேயே கெட்டதா?

சில சமயம் கெட்டதும் இருக்கும். ஈர அட்டைப்பெட்டி வாடை மட்டும் வந்து, பழமே இல்லையென்றால் தக்கையின் கோளாறு. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி முன்னால் நின்றாலும் நல்லதல்ல. லேசாக, பின்னால் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஊற்றும்போது வெண்டைக்காய்போல இழை இழுத்தால் அது பீடியோகாக்கஸ் செய்யும் கொழகொழப்பு. மாதங்கள் போனால் காட்டு ஈஸ்ட் அதைத் தின்று சரிசெய்துவிடும், ஆனால் திறந்துவிட்ட பாட்டிலுக்கு அந்த வாய்ப்பு போய்விட்டது.

ஏமாற்றும் கோளாறு இன்னொன்று. முகர்ந்தால் ஒன்றும் தெரியாது, விழுங்கிப் பத்து, இருபது நொடி கழித்து நாக்கின் பின்புறம் எலிப்பொந்து வாடை, அல்லது நமுத்துப்போன பொரியின் சுவை எழும். எச்சில் பட்டு அமிலம் குறைந்தபின்தான் அந்தப் பொருள் வெளிப்படுகிறது. சிலருக்கு நன்றாகத் தெரியும், சிலருக்குத் தெரியவே தெரியாது. நாலு பேரில் ஒருவர் மட்டும் முகம் சுளித்தால் அவரை நம்புங்கள்.

கெட்டது என்று தோன்றினால் பாட்டிலைக் கொட்டாமல், தக்கையோடும் ரசீதோடும் கடைக்குக் கொண்டுபோங்கள். நான் ஒருமுறை ரசீதைத் தொலைத்துவிட்டு ஒரு கடையில் பேசிப் பார்த்தேன். புளிப்பு பீர் புளிப்பாகத்தான் இருக்கும் என்று எனக்கே பாடம் எடுத்து அனுப்பினார்கள்.

9. ஊருக்குக் கொண்டுபோக

இந்தியாவுக்குள் ஒருவர் வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய மது 2 லிட்டர். பீரும் இதில் அடக்கம். 375 மில்லி பாட்டில் ஐந்து என்றால் 1.875 லிட்டர், சரி. ஆறாவதை வைத்தால் 2.25 ஆகிவிடும், சுங்கத்தில் சிவப்பு வழியில் போய் வரி கட்ட வேண்டும். ஆல்கஹால் 24 விழுக்காட்டுக்குள் இருப்பதால் விமானப் பாதுகாப்பு விதியில் அளவுச் சிக்கல் இல்லை. ஆனால் 100 மில்லிக்கு மேல் கைப்பையில் போகாது, ஆகவே பெரிய பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

கட்டும் விதம்: கம்பிக்கூடு அசையாமல் மேலே நெகிழ்நாடா ஒரு சுற்று, பிறகு பிளாஸ்டிக் பை, அதற்கு மேல் துண்டு. பெட்டியின் நடுவில், நான்கு பக்கமும் துணி சூழ வையுங்கள். பட்டுப்புடவை இருக்கும் பெட்டியில் வைக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு வாரமாவது நிமிர்த்தி வைத்துவிட்டுத் திறங்கள். பயணத்தில் கலங்கிய வண்டல் படிய அவ்வளவு நேரம் பிடிக்கும். சென்னையில் மே மாதம் என்றால் அந்த ஒரு வாரமும் அலமாரியில் வேண்டாம், ஃப்ரிட்ஜின் கதவுப் பக்கம்.